இன்னொரு டீச்சரின் புகைப்படம்

பதினோரு மழலையர் பள்ளிகளில் எந்தக் கதவை இழுக்க வேண்டும், எந்தக் கதவைத் தள்ள வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. எந்த ஆயாவிடம் வந்ததும் பேசலாம், எந்த ஆயாவிடம் பத்து மணிக்கு முன்னால் வாய் கொடுக்கக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பதினோரு இடத்திலும் அவள் பெயர் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். "மாத்து டீச்சர் வந்தாச்சா?" என்று கேட்பார்கள். வந்தாச்சு என்று பதில் வந்தால் சரி, அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. வகுப்பு டீச்சருக்குக் காய்ச்சல், பிரசவம், பல் வலி என்று எது வந்தாலும் இவளைக் கூப்பிடுவார்கள். கறிவேப்பிலைப் பிழைப்பு.

வயது ஐம்பத்து மூன்று. பேசாத குழந்தைகள், காது கேட்காத குழந்தைகள், தன் உலகத்திலேயே இருக்கும் குழந்தைகள் என்று தனிக் கவனம் தேவைப்படுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முறையாகப் படித்தவள். அப்படிப் படித்தவள் ஏன் நிரந்தர வேலையில் இல்லை என்று கேட்கலாம். படிப்பை முடித்த வருடம் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். இன்றைக்கோ நாளைக்கோ என்று எல்லாரும் சொன்ன மனிதர் பதினாலு வருடம் படுத்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் அப்பாவையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் கண் மூடியபோது நிரந்தர வேலைக்கான வயது வரம்பைத் தாண்டியிருந்தாள். ஊரில் இருக்கும் அக்கா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, தன் முழங்கால் வலியை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டு, "நீ நல்லா இருக்கியில்ல?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் வைத்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே பள்ளியில் ஆறு வாரம் வேலை கிடைத்தது. வகுப்பு டீச்சர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். அடுத்தவள் கால் உடைந்ததற்குச் சந்தோஷப்படக் கூடாதுதான். ஆனாலும் ஆறு வாரம் ஒரே பஸ், ஒரே வாசல், ஒரே கொக்கியில் பையை மாட்டலாம் என்று நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த அறை பள்ளியின் பின்பக்கத்தில் இருந்தது. குட்டி நாற்காலிகள், ஓரம் பிரிந்த கம்பளம், தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக் கவனம் சிதறாமல் இருக்கக் காகிதம் ஒட்டிய ஜன்னல். குழந்தைகள் ஏழு பேர், ஆயா ஒருத்தி. வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் நீளமாக ஒரு பலகை. அதில் வெல்க்ரோ பட்டை ஒட்டி, அன்றைக்கு வந்திருப்பவர்களின் புகைப்படங்களைக் காலையில் வரிசையாகப் பதிப்பார்கள். இன்றைக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் இந்தக் குழந்தைகளுக்கு மனது நிலைகொள்ளும்.

மாற்று டீச்சருக்குப் புகைப்படம் கிடையாது. அவளுக்கென்று எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி ஓர் அட்டை வைத்திருப்பார்கள். வட்டமாக ஒரு தலை, அதைச் சுற்றி முடி, கண்ணும் மூக்கும் இல்லாத வெறும் முகம். கீழே "இன்னொரு டீச்சர்" என்று எழுதியிருக்கும். நாலு நாளில் போகிறவளின் படத்தைக் காட்டி, குழந்தை அவளைக் கேட்கப் பழகிவிட்டால், பிறகு அவளை எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பது? நியாயமான விதி. இவளே இரண்டு புதுப் பெண்களுக்கு இதை விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ஏழு பேரில் ஒருத்தி நாலு வயதுப் பெண். வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், நீட்டினால் வாங்க மாட்டாள், தனக்காகத் தோன்றினால் மட்டுமே எதையும் செய்வாள். ஆயா அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தாள். மகாராணிக்குச் சோப்புக் குமிழி என்றால் உயிர். பேச முடியாத குழந்தை தனக்கு வேண்டியதைக் கேட்க ஒரு வழி உண்டு: குமிழியின் படம் போட்ட அட்டையை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுத்தால் அந்த நொடியே குமிழி கிடைக்கும். அதைப் பழக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் குமிழிப் புட்டியோடு இருப்பார். இன்னொருவர் குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து, கையைப் பிடித்து அட்டையைக் கொடுக்க வைப்பார். பின்னால் இருப்பவர் மூச்சு விடக் கூடாது. வாயை மூடிக்கொண்டு இருப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் தெரிந்த நம் ஆயாவைத்தான் அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

"குடு மகாராணி. குடு தங்கம். டீச்சர் எவ்வளவு நேரம் கைய நீட்டிட்டு இருக்காங்க பாரு."

"ஆயா, நீங்க பேசக் கூடாது."

"நான் எங்க டீச்சர் பேசுனேன்? குடுன்னுதானே சொன்னேன்."

வகுப்பு டீச்சர் நாலு மாதம் இப்படிப் பாடுபட்டிருந்தாள். ஆயா கையைத் தள்ளினால் அட்டை வரும். தள்ளாவிட்டால் அந்தக் கை ஈரத் துணி மாதிரித் தொங்கும். தானாக ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை.

மாற்று டீச்சர் வந்த முதல் வாரம் முழுக்க மகாராணி ஒரு காரியம் செய்தாள். காலையில் பலகையில் பதித்த முகமில்லாத அட்டையைப் பிய்த்துக் கீழே போட்டுவிட்டுப் போவாள். இவள் குனிந்து எடுத்துத் திரும்பப் பதிப்பாள். அவள் திரும்பப் பிய்ப்பாள். இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, அடையாள அட்டைக்காக எடுத்த புகைப்படத்தில் மிச்சம் இருந்த ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டி, பலகையில் பதித்துவிட்டாள்.

காரணம் கேட்டால் சொல்லத் தயாராக இருந்தாள். வரைந்த படம் இந்தக் குழந்தைக்குப் பிடிபடவில்லை, புகைப்படம்தான் புரிகிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பதினோரு பள்ளியில் கண்ணும் மூக்கும் இல்லாமல் தொங்கியவளுக்கு, ஒரு சுவரிலாவது தன் முகம் இருக்கட்டும் என்று தோன்றியதும் உண்மை. எது முதலில் தோன்றியது என்று என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் என்பேன்.

மகாராணி அதைப் பிய்த்துப் போடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாளும் நின்றாள். வெள்ளிக்கிழமை காலை, மாற்று டீச்சர் அறையின் மறுகோடியில் தண்ணீர் டம்ளர்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தபோது, மகாராணி பலகைக்குப் போனாள். புகைப்படத்தை எடுத்தாள். கம்பளத்தைக் கடந்து, ஒரு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து, அவளுடைய ஈரக் கையில் வைத்தாள். பின்னால் யாரும் இல்லை. யாரும் தள்ளவில்லை. ஆயா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள், அதிசயமாகப் பேச்சு வரவில்லை.

குழந்தை அட்டையைக் கொடுத்தால் கேட்ட பொருளை உடனே கொடுக்க வேண்டும். கேட்ட பொருள் அவளேதான். டம்ளரைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மகாராணி திரும்பி, அவள் முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தன் பாட்டுக்கு ஒரு பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. அப்பா கூப்பிட்டது மாத்திரைக்கு, அக்கா கூப்பிடுவது முழங்காலுக்கு, பள்ளிகள் கூப்பிடுவது காலி நாற்காலியை நிரப்ப. ஒன்றுக்கும் இல்லாமல், அவள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. அன்று ஒரே நாளில் மகாராணி அந்தப் படத்தைப் பதினாலு முறை கொண்டுவந்து கொடுத்தாள், இவள் பதினாலு முறையும் இருந்த வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

இதற்கு அடுத்த படி என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். குழந்தை ஒரு படத்தைக் கொடுக்கக் கற்றுக்கொண்ட சூட்டோடு சூடாக அடுத்த அட்டைக்கு மாற்ற வேண்டும். குமிழி, தண்ணீர், ஊஞ்சல் என்று கேட்பது பெருக வேண்டும், டீச்சரின் படம் பலகையை விட்டு இறங்க வேண்டும். ஆயாவே கேட்டாள்.

"இப்ப குமிழி அட்டைய வெச்சா குடுத்துருவா இல்ல டீச்சர்?"

"இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கா. அவசரப்பட வேண்டாம்."

"அதுவும் சரிதான். நமக்கென்ன ரயிலா போகுது."

நாளைக்கு ஆரம்பிக்கலாம் என்று நினைத்தாள். அந்த நாளை நாலு வாரம் வரவே இல்லை.

மகாராணியின் அம்மா தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள். மூன்று மணிக்கு ஓட்டமும் நடையுமாக வருவாள், தோளில் நூல் பிசிறு ஒட்டியிருக்கும். மகள் படத்தை எடுத்துக் கொடுத்ததை முதல் தடவை பார்த்தபோது சிரித்துக்கொண்டே அழுதாள். இரண்டு நாள் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"டீச்சர், என் போட்டோவையும் ஒட்டுனா என்னையும் கேப்பாளா?"

"கேப்பா. மெதுவாப் பண்ணலாம்."

"நான் கொண்டாந்திருக்கேன். இந்தா இருக்கு." அவள் பர்சிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், இவளும் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தாள். அது அங்கேயே கிடந்தது.

ஆறு வாரம் முடிந்தது. கடைசி நாள் மாலை அறையைப் பெருக்கி, நாற்காலிகளை அடுக்கி, கொக்கியிலிருந்து பையை எடுத்தாள். தன் படத்தை மட்டும் பலகையிலிருந்து எடுக்கவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று பிறகு சொன்னாள். மறக்கவில்லை. அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, வேறொரு பள்ளியில் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. பேசியது கால் சரியாகித் திரும்பியிருந்த வகுப்பு டீச்சர். முப்பது வயதுகூட ஆகாத பெண், மரியாதை தெரிந்தவள்.

"டீச்சர், நான் உங்களக் குத்தம் சொல்லக் கூப்பிடல. நீங்க பண்ணத என்னால நாலு மாசத்துல பண்ண முடியல. ஆனா இப்ப என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியணும்."

"சொல்லுங்க."

"உங்க போட்டோவ எடுத்துட்டு வந்து என் கையில குடுக்கிறா. நான் எங்க போவேன்? ஆயாகிட்டக் குடுக்கிறா, ஆபீஸ் கிளார்க்கிட்டக் குடுக்கிறா, குழாய் ரிப்பேர் பண்ண வந்தவர்கிட்டக்கூடக் குடுத்தா. யாரும் உங்களக் கொண்டாரல. எடுத்து வெச்சா பலகை கிட்டயே படுத்துக்கிறா. முந்தாநாள்ல இருந்து குடுக்கிறதையே விட்டுட்டா. நேத்து பலகையில இருந்த எல்லாத்தையும் பிச்சுப் போட்டா."

அதற்கு மேல் அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேட்டும் கிடைக்காத குழந்தை கேட்பதையே நிறுத்திவிடும். இந்த வயதில் நின்றுபோனால், மறுபடி தொடங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்தக் குழந்தைக்கு இருந்த ஒரே வாய் அந்த அட்டைதான். அதை இவள்தான் திறந்தாள், இவள்தான் அடைத்துவிட்டாள். கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தாள்.

"நான் என்ன பண்ணணும்?"

"ஒரு மூணு நாள் வர முடியுமா? நீங்க முடிஞ்சு போச்சுன்னு நீங்களே அவளுக்குச் சொல்லிக்குடுக்கணும். நான் சொன்னா எடுபடாது."

போனாள். முறை எளிமையானது. ஒரு பிளாஸ்டிக் டப்பா, முடிந்துபோனதைப் போட்டு மூட. மகாராணி படத்தைக் கொண்டுவந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பத்து எண்ண வேண்டும். பிறகு அவள் கையாலேயே படத்தை டப்பாவில் போட வைத்து, "முடிஞ்சுது" என்று சொல்லி, எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டும். சாத்தின நொடியே வகுப்பு டீச்சர் உள்ளே குமிழி ஊத வேண்டும். ஒருத்தி போனாலும் உலகம் போய்விடாது, கேட்டால் இன்னொன்று கிடைக்கும் என்று குழந்தைக்குப் புரியும் வரை, படத்தை மறுபடி பலகையில் பதித்து, இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் மகாராணி ஓடிவந்தாள். அந்தக் குழந்தை ஓடி யாரும் பார்த்ததில்லை. படத்தைக் கொடுத்தாள், முழங்காலில் சாய்ந்தாள். பத்து எண்ணுவது எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. எட்டிலிருந்து கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி எண்ணினாள். டப்பாவில் படம் விழுந்தது. வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளே அழுகை வெடித்தது. கதவைக் கையால் அடிக்கிற சத்தம் கேட்டது. இவள் நடைவழியில் கிடந்த குட்டி நாற்காலியில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தாள். திறக்கக் கூடாது. கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அழுகை அவளைப் பிசைந்தது. அதே நேரம் உள்ளே எங்கோ ஒரு மூலையில் இனிக்கவும் செய்தது. நாலு வயதுப் பிள்ளை கதறுவதில் என்னடி உனக்குச் சுகம் என்று தன்னையே வைதுகொண்டாள். வைதும் அந்த இனிப்புப் போகவில்லை. அன்று ஆறு முறை உள்ளே போய் வெளியே வந்தாள்.

இரண்டாம் நாள் அழுகை குறைந்தது. மதியம் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். குமிழி அட்டையை மகாராணி எடுத்து வகுப்பு டீச்சரின் கையில் கொடுத்தாள். ஆயா பின்னால்தான் இருந்தாள். ஆனால் கை நீட்டவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை. குமிழிகள் கிளம்பின. வகுப்பு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. நாலு மாதம் காத்திருந்தவள், துடைத்துக்கொள்ளட்டும். இவளுக்கு வயிறு எரிந்தது. எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் வேண்டிக்கொண்டதை யாரிடமும் சொல்ல முடியாது. நாளைக்கு இது தோற்கட்டும். குழந்தை மறுபடி அழட்டும். இன்னும் ஒரு வாரம் வாருங்கள் டீச்சர் என்று அந்தப் பெண் கெஞ்சட்டும். அடுத்த நிறுத்தத்திலேயே அந்த வேண்டுதலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அதற்கடுத்த நிறுத்தத்தில் மறுபடியும் வேண்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை அவள் கதவைத் திறந்தபோது மகாராணி பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். படத்தை எடுத்தாள். இவள் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். மகாராணி அந்தக் கையைத் தாண்டிப் போனாள். டப்பாவின் மூடியைத் திறந்து, படத்தை உள்ளே போட்டு, மூடியை அழுத்தினாள். யாரும் சொல்லவில்லை. ஆயா, வகுப்பு டீச்சர், இரண்டு பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.

பிறகு திரும்பி வந்து இவள் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். இதுவரை யார் கையையும் அவள் பிடித்ததில்லை. அந்தச் சின்னக் கை சூடாக இருந்தது. தோற்றுவிட்டது, குழந்தைக்கு நான்தான் வேண்டும் என்று நினைத்தாள். எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் போவோம் என்று அந்த விரலை அவளிடமே விட்டுவிட்டு எழுந்து நடந்தாள்.

மகாராணி அவளைக் கதவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கைப்பிடி அவளுக்கு எட்டாது. எட்டாததற்குப் பெரியவர்களின் கையைக் கருவியாக எடுத்துக்கொள்வது இந்த மாதிரிக் குழந்தைகளின் வழக்கம். இவளுடைய கையைத் தூக்கிக் கைப்பிடியின் மேல் வைத்தாள். வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இவள் திறந்தாள். மகாராணி இரண்டு உள்ளங்கையையும் இவள் தொடையில் வைத்து மெல்லத் தள்ளினாள். கோபமில்லை, வெறுப்பில்லை. அடுத்து நடக்க வேண்டியது நடக்க வேண்டும், அவ்வளவுதான். இவள் வெளியே வந்ததும் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினாள்.

கதவு ஒழுங்காகப் பொருந்தியது. இவள் நடைவழியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். அழுகை வரும், கொஞ்சம் தாமதமாக வரும் என்று காத்திருந்தாள். ஐந்து நிமிடம் போனது. வகுப்பு டீச்சர் நோட்டோடு வெளியே வந்தாள், முகமெல்லாம் பூரிப்பு.

"குமிழி அட்டைய என்கிட்டக் கொண்டாந்து குடுத்துட்டா டீச்சர். ஆயாகூடப் பின்னால இல்ல. இவ்வளவு சுத்தமா யாரும் சொல்லிக்குடுத்து நான் பாத்ததில்ல. இன்னைக்குக் குறிப்பு மட்டும் எழுதிட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க. அப்புறம் நீங்க வர வேண்டியதில்ல."

"அவங்க அம்மா போட்டோ இழுப்பறையில இருக்கு. நான் வாங்கி வெச்சு மறந்துட்டேன்." நோட்டை வாங்கிக்கொண்டாள். "மறக்கல. ஒட்டல."

வகுப்பு டீச்சர் அவளைப் பார்த்தாள். "நாளைக்கே ஒட்டிடறேன்," என்றாள்.

குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் வைத்து எழுதினாள். கையெழுத்து குண்டு குண்டாக, கோடு மாறாமல் வந்தது. குழந்தை இன்று கேட்டது: சோப்புக் குமிழி. யாரிடம்: வகுப்பு ஆசிரியையிடம். எப்படி: யார் உதவியும் இல்லாமல். மாற்று ஆசிரியையைக் கேட்டதா என்ற இடத்தில் பேனா நின்றது. உள்ளே மகாராணி சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தக் குழந்தை சிரித்து இவள் கேட்பது அதுதான் முதல் தடவை. இல்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, நோட்டை நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, அழுதுகொண்டே படி இறங்கினாள்.